காசிமேட்டில் டபுள்

மே 4, ஞாயிறு

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை. விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. வலை வேலை போக மிச்ச நேரமெல்லாம் கேரம், இல்லாவிட்டால் செஸ். செஸ்ஸுக்கு ஆட்டத்துக்கு 50 ரூபாய், போன் கிளாக்கில் ஆளுக்குப் பத்து நிமிடம்.

இன்று படகு டிரைவர் அண்ணன் புது விதி கொண்டுவந்தார். தன் முறை வரும்போது, காயைத் தொடுவதற்கு முன் "டபுள்" சொல்லலாம். எதிராளி ஒத்துக்கொண்டால் பந்தயம் 100. மாட்டேன் என்றால் 50-ஐ வைத்துவிட்டு எழுந்துவிட வேண்டியதுதான். ஒத்துக்கொண்டவருக்கே அடுத்த டபுள் சொல்லும் உரிமை.

பேக்கமன் என்ற பகடை ஆட்டத்து விதி இது. 1920-களில் நியூயார்க்கில் கிளம்பியது. அங்கே 2, 4, 8 என்று 64 வரை எழுதிய கட்டை வைப்பார்கள். இங்கே தீப்பெட்டி. அது யார் பக்கம் இருக்கிறதோ அவர்தான் அடுத்து சொல்லலாம்.

மே 6

எப்போது ஒத்துக்கொள்வது? ஒரே மாதிரி நிலை நாலு தடவை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நாலிலும் மறுத்தால் 200 போச்சு. நாலிலும் ஒத்துக்கொண்டு மூன்றில் தோற்று ஒன்றில் ஜெயித்தாலும் போவது அதே 200. ஆக, நாலில் ஒன்று தேறுமென்றால் தைரியமாக எடுக்கலாம், தீப்பெட்டியும் நம் கைக்கு வருகிறது.

டிராவை அரை வெற்றியாக எண்ண வேண்டும். இதைத்தான் நம் ஆட்கள் கவனிப்பதில்லை. சிப்பாய் ஒன்று குறைந்ததுமே எழுந்துவிடுகிறார்கள். கடைசியில் பிஷப்பும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சி, ஒருவர் பிஷப் வெள்ளைக் கட்டத்திலும் மற்றவருடையது கறுப்பிலும் ஓடினால் அது பாதிக்கு மேல் டிரா ஆகிற நிலை. அதைப் போய் விடலாமா?

மே 11

ஐஸ் கம்பெனி தம்பியோடு டிரைவர் அண்ணன் ஆட்டம். அண்ணனுக்கு ஒரு யானை அதிகம், கிளாக்கில் நாற்பது விநாடிதான். தம்பியிடம் மூன்று நிமிடம். அண்ணன் "டபுள்" என்றார். தம்பி தாடையைத் தடவியபடி யோசிக்கிறான், ஓடுவதோ அண்ணன் நேரம்!

"டேய், சீக்கிரம் சொல்லுடா."

"இருங்கண்ணா, நூறு ரூபா மேட்டர்."

தீப்பெட்டியை எடுத்துக்கொண்டான். நாலைந்து நகர்த்தலில் அண்ணனுக்குப் பன்னிரண்டு விநாடி மிச்சம் இருந்தபோது அவனே "டபுள்" என்றான். அண்ணன் யானையைப் பார்த்தார், கிளாக்கைப் பார்த்தார், நூறை எடுத்து வைத்தார்.

அப்புறம் பெரிய சண்டை. கடைசியில் டபுள் சொன்னதும் கிளாக்கைத் தட்டிவிடுவது, பதில் சொன்னவன் திருப்பித் தட்டுவது என்று முடிவாயிற்று. கிளாக் இல்லாமல் ஆடும் பகடை ஆட்டத்தில் இந்தத் தொல்லை வராது.

மே 18

என்ஜின் மெக்கானிக் வேறொரு டபுளைப் பிடித்திருக்கிறார்: தோற்றால் அடுத்த ஆட்டத்துக்கு இரண்டு மடங்கு. 50, 100, 200, 400, 800. ஐந்தும் தோற்றால் 1,550 காலி. ஆறாவதில் 1,600 வைத்து ஜெயித்தாலும் கையில் நிற்கும் லாபம் வெறும் 50. பூவா தலையாவுக்கே தாங்காத கணக்கு. செஸ்ஸிலோ உங்களைத் தோற்கடித்தவனே மறுபடி எதிரே உட்கார்ந்திருக்கிறான்.

மெக்கானிக் விடவில்லை. 1972-ல் அமெரிக்க செஸ் வீரர் ஃபிஷர் உலகப் பட்டப் போட்டிக்கு ஐஸ்லாந்துக்குப் போக முரண்டு பிடித்தபோது பரிசை டபுளாக்கித்தானே வரவழைத்தார்கள் என்றார்.

"அது லண்டன்காரர் ஸ்லேட்டர் போட்ட 50,000 பவுண்டு. உனக்கு யார்யா போடுறது?" என்றார் டிரைவர் அண்ணன்.

இனி ஒரு ஆட்டம் 400-ஐத் தாண்டக் கூடாது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், மெக்கானிக்கைத் தவிர.