மும்பை ஹை: மழைக்கால நாட்குறிப்பு

ஜூலை 24, 2025, வியாழன்

மும்பை ஜூஹு ஹெலிகாப்டர் தளத்தில் பையோடு சேர்த்து ஆளையும் எடை போட்டார்கள். கூட வந்த திருநெல்வேலித் தம்பிக்கு இதுதான் முதல் தடவை. "எதுக்குண்ணே நம்மளையும் நிறுக்காங்க?" என்றான். ஹெலிகாப்டருக்கு ஆளும் ஒரு சுமைதானே! மேகம் இறங்கிக் கிடந்ததால் மதியம் வரை உட்கார வைத்து, அப்புறம்தான் ஏற்றினார்கள். மும்பை ஹை எண்ணெய் வயல் கடலுக்குள், கரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். பிளாட்ஃபார்மில் (கடலில் கால் ஊன்றி நிற்கும் மேடை) இறங்கியதும் முதல் வேலை, பலகையில் டி-கார்டை, அதாவது நம் பெயர் அட்டையை, செருகுவது. ஆபத்து வந்தால் யாருக்கு எந்தப் படகு என்பது அதை வைத்துத்தான். இரவு சாப்பாட்டில் தயிர்சாதம் கேட்டால் தயிர் தனியாக, சாதம் தனியாக வந்தது. பரவாயில்லை.

ஜூலை 25, வெள்ளி

காலை முழுக்க சாம்பிள். கிணற்றின் வால்வைத் திறந்து பாட்டிலில் பிடித்து, லேபில் கூம்புக் குழாயில் ஊற்றி சென்ட்ரிஃபியூஜில் சுற்றவிட்டோம். நின்றதும் பார்த்தால் அடியில் தண்ணீர், இடையில் பழுப்பாக ஒரு கலங்கல், மேலே எண்ணெய். ஒரு கிணற்றில் அந்த எண்ணெய் சுண்டுவிரல் நக அளவுதான்.

"கிணறு செத்துப்போச்சாண்ணே?"

சாகவில்லை. கீழே இருப்பது சுண்ணாம்புப் பாறை. அதன் துளைகளில்தான் எண்ணெய். எடுக்க எடுக்க அழுத்தம் குறையும். அதனால் 1980-களிலிருந்தே கடல்நீரை உள்ளே செலுத்தி எண்ணெயைத் தள்ளுகிறார்கள். அந்தத் தண்ணீரையும் அப்படியே விட முடியாது. வடிகட்ட வேண்டும், ஆக்சிஜனை நீக்க வேண்டும் (இல்லாவிட்டால் குழாய் அரித்துப்போகும்), பாக்டீரியாவைக் கொல்ல வேண்டும். இத்தனை உபசாரம் செய்து அனுப்பிய தண்ணீர், பாறையில் சுலபமான வழி கிடைத்தால் எண்ணெயை முந்திக்கொண்டு கிணற்றுக்கே வந்து நிற்கும். அதைப் பிரித்து, சுத்தம் செய்து... பெயர்தான் எண்ணெய் வயல், நாள் முழுக்க மல்லுக்கட்டுவது தண்ணீரோடு.

ஜூலை 26, சனி

பலத்த காற்று. கிரேன் வேலை எல்லாம் நிறுத்தம். தூங்கினேன்.

ஜூலை 27, ஞாயிறு

மஸ்டர் பயிற்சி, அதாவது ஆபத்து வந்தால் எல்லோரும் ஓரிடத்தில் கூடுவதற்கான ஒத்திகை. மழையில் லைஃப் ஜாக்கெட்டோடு நின்றபோது யாரும் முணுமுணுக்கவில்லை. இதே தேதியில், 2005-ல் இந்த வயலின் பிஎச்என் (பாம்பே ஹை நார்த்) பிளாட்ஃபார்ம் எரிந்தது. சமுத்ரா சுரக்ஷா என்ற துணைக்கப்பலில் சமையல்காரருக்கு விரலில் காயம். அவரை மேலே ஏற்ற நெருங்கி வந்தபோது அலையில் கப்பல் தடுமாறி ரைசரில் மோதியது. ரைசர் என்பது கடலடிக் குழாயிலிருந்து பிளாட்ஃபார்முக்கு ஏறும் குழாய். கசிந்த வாயு பற்றிக்கொள்ள, சுமார் இரண்டு மணி நேரத்தில் பிளாட்ஃபார்மே இல்லை. 22 பேர் இறந்தார்கள். முந்தைய நாள்தான் மும்பையில் அந்தப் பேய்மழை. கரையிலிருந்து ஹெலிகாப்டரும் கிளம்ப முடியாத நேரம். என்னைக் கேட்டால், ரைசரை கப்பல் வந்து நிற்கும் பக்கத்தில் வைப்பதே தப்பு.

ஜூலை 29, செவ்வாய்

தம்பியின் பர்ஸில் மொய்க் கவரில் வந்த புது ஒரு ரூபாய் நோட்டு. பின்பக்கம் கடலில் நிற்கும் ரிக்கை (கிணறு துளையிடும் மேடை) காட்டி "இது எதுண்ணே?" என்றான். சாகர் சாம்ராட். ஜப்பானில் கட்டியது. 1960-களில் சோவியத் கப்பல் செய்த நில அதிர்வு ஆய்வில் தென்பட்ட அமைப்பை 1974-ல் துளையிட்டு எண்ணெய் இருப்பதைக் காட்டிய ரிக் அதுதான். 1976 மே மாதம் உற்பத்தி தொடங்கியது. 1989-ல் நாளுக்கு 4 லட்சம் பீப்பாயைத் தாண்டியது. இப்போது அதில் மூன்றில் ஒரு பங்கு தேறினாலே பெரிது. கண்டுபிடித்த ரிக்குக்கு நோட்டில் இடம் கிடைத்தது, நியாயம்தான். ஆனால் அது துளையிட்டது ஒரு காலம். வயலை இத்தனை வருடம் ஓட்டியது பம்ப்பும் ஃபில்டரும். இந்த ஜனவரியில் பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனமான பிபியை 10 வருடத்துக்குத் தொழில்நுட்ப ஆலோசகராக, வயலை நடத்தும் ஓஎன்ஜிசி சேர்த்ததும், இருக்கிற கிணறுகளிலிருந்து இன்னும் கொஞ்சம் வாங்கத்தான்.

அந்த நகத்தளவுக் கிணற்றில் தண்ணீர் வரும் அடுக்கை அடைக்கலாம் என்கிறார்கள். அதற்கு வேறு வேலையில் இல்லாத ஒரு ரிக் கிடைக்க வேண்டும். அதுவரை தினம் ஒரு சாம்பிள். நாளைக்குத் தம்பியே எடுக்கட்டும்.