சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் மழை

இலங்கையில் ஊவா மாகாணத்து மலைநாட்டில், ஹப்புத்தளைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மகனுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு ஏழு. இரண்டு பேரையும் வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கிறோம். கணக்கு, தமிழ், சிங்களம் எல்லாம் அரசாங்கப் புத்தகத்தில்தான். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாகவே எடுக்கலாம். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. புத்தகத்தை மூடிய பிறகு நடந்ததைத்தான் எழுத வந்தேன்.

ஆகஸ்ட்டில் எங்கள் பக்கம் காற்று எப்படி அடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். மழை இருக்காது, வெயிலும் காற்றும்தான். அப்படி ஒரு நாளில் நானுஓயாவுக்கு ரயில் ஏறினோம். ஒஹிய வரைக்கும் நல்ல வெயில். அதைத் தாண்டினால் ஊவாவையும் மத்திய மாகாணத்தையும் பிரிக்கிற மலைக்குள் ஒரு சுரங்கம். ரயில் அதற்குள் போய்ப் பட்டிப்பொல பக்கம் வெளியே வந்தால் ஒரே பனிமூட்டம், தூறல் வேறு. இலங்கை ரயில் பாதையிலேயே உயரமான இடம் அதுதான், 1,898 மீற்றர். சின்னவள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டுல மழையே இல்லையே, இங்க மட்டும் ஏன்?" என்றாள்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் பழைய பேப்பரைக் கிழித்து, கோதுமை மா பசையில் நனைத்து, ஒரு பலகை மேல் மலைத்தொடர் செய்தோம். சுரங்கத்துக்கு ஒரு அட்டைக் குழாய். காய்ந்த பிறகு மகன் இரண்டு பக்கமும் வர்ணம் அடித்து, காற்று வரும் திசைக்கு நூலில் அம்புக்குறி ஒட்டினான். தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து, சுமந்து வந்த ஈரத்தை அங்கேயே மழையாகக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்கும்போது சூடாகி, காய்ந்த காற்றாக வருகிறது. வடகீழ் பருவக்காற்று வரும்போது இது தலைகீழ். அப்போது மழை நமக்கு. ஒட்டிய அம்பைக் கழற்றி மற்றப் பக்கம் திருப்பியதும் சின்னவளுக்கு அது சட்டென்று பிடிபட்டது.

அப்புறம் மழை அளக்க ஒரு போத்தல். சோடாப் போத்தலின் தலையை வெட்டி, புனல் மாதிரி கவிழ்த்து வைக்க வேண்டும். அடி மேடு பள்ளமாக இருக்கும் என்பதால் சின்னக் கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த இடத்தைப் பூச்சியம் என்று குறிக்க வேண்டும். அதிலிருந்து மேலே மில்லிமீற்றர். ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் தண்ணீர். மலைக்கு மேற்குப் பக்கம் ஹட்டனில் இருக்கும் என் தங்கச்சி வீட்டிலும் அதே மாதிரி ஒன்று வைத்திருக்கிறோம். காலையில் போன் வந்ததும் சித்தியிடம் சுகம் விசாரிக்காமல் "எத்தன?" என்றுதான் கேட்கிறார்கள்!

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அப்பாயி, அதாவது பிள்ளைகளின் அப்பாவைப் பெற்றவர், "இந்தக் காத்துலதான்டா நம்ம தேயிலைக்கு வாசமே வருது" என்றார். உண்மைதான். ஊவாத் தேயிலை பேர் வாங்கியதே ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை அடிக்கிற இந்தக் காய்ந்த காற்றால்தான். அப்பாயி சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு, தேயிலை மலைக்குக் கொழுந்து கிள்ளப் போனவர். அவருக்குத் தெரிந்ததை இதுவரை யாரும் படிப்பு என்று சொன்னதில்லை. எனக்கு அதில் நிறையவே கோபம் உண்டு.

சரி, நீங்களே சொல்லிக்கொடுங்கள் என்று விட்டுவிட்டேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற செடிகளில் ரெண்டு இலை ஒரு மொட்டாக 500 கிராம் கிள்ளினார்கள். இரவு முழுக்கச் சொளகில் பரப்பி வாட்டினோம். காலையில் காம்பை வளைத்தால் ஒடியக்கூடாது, துவண்டு வளைய வேண்டும். அதுதான் பதம் என்று அப்பாயி ஒவ்வொரு காம்பாக வளைக்க வைத்தார். பிறகு உள்ளங்கையில் வைத்துக் கசக்கிச் சுருட்ட, சாறு இறங்கிக் கையெல்லாம் கறை. ஈரத்துணி போட்டு மூடி வைத்ததில் பச்சை மெல்ல மெல்லச் செம்பு நிறத்துக்கு வந்தது. வெட்டி வைத்த கத்தரிக்காய் கறுப்பதும் இதே வேலைதான், இலைச் சாற்றில் காற்று பட்டு நடப்பது. மகன் கத்தரிக்காயும் ஒன்று வெட்டிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். மணம் மாறியதும் அப்பாயி "போதும்" என்றார். சட்டியில் சின்ன நெருப்பில் வறுத்து எடுத்து நிறுத்தால் 110 கிராம்.

ஏறக்குறைய ஐந்து பங்கு கொழுந்துக்கு ஒரு பங்கு தேயிலை என்று மகன் கொப்பியில் எழுதிவிட்டு, "அப்பாயி, நீங்க ஒரு நாளைக்கு எத்தன கிலோ எடுத்தீங்க?" என்று கேட்டான். நல்ல மழை மாதத்தில் இவ்வளவு, காற்று மாதத்தில் இவ்வளவு, கவ்வாத்து வெட்டிய மலை (செடிகளைத் தறித்துவிட்ட மலை) என்றால் கணக்கே வேறு என்று அவர் சொல்லிக்கொண்டே போகிறார். இவன் மாதவாரியாகக் கோடு போட்டு எழுதுகிறான். இந்த மாதத்துக் கணக்குப் பாடம் அந்தக் கொப்பியில்தான்.