உம்கேனி ஆற்றில் மே மாதக் கணக்கு

நான் சேலத்துக்காரன். எனக்கு அணை என்றால் மேட்டூர்தான். ஜூன் 12 வந்தால் குறுவைக்குத் தண்ணீர் திறப்பார்களா, ஷட்டர் எத்தனை தூக்குவார்கள் என்ற பேச்சில் வளர்ந்தவன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நீர் மேலாண்மை வேலைக்கு வந்தபோது முதலில் பழக வேண்டியிருந்தது, இங்கே நகரத்துக்குத் தண்ணீர் தரும் உம்கேனி ஆற்றின் மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ், இனாண்டா அணைகள் மூன்றிலும் வெள்ளத்துக்குத் தூக்க ஷட்டர் கிடையாது என்பதற்கு. நிரம்பினால் கலிங்கு வழியே தானாக வழியும். கீழே இருக்கும் குழாய் வால்வுகளால் திறந்துவிடுவது சிறிதளவுதான்.

அதனால் எங்கள் முக்கிய முடிவு மழைக்காலத்தில் எடுக்கப்படுவதில்லை. தென்கோளத்தில் கோடை வருவது ஆண்டுக் கடைசியில்; அக்டோபரில் தொடங்கும் அந்தக் கோடை மழை ஓய்ந்த பிறகு, மே மாதத்தில் அணைகளின் இருப்பைப் பார்க்கிறோம். பழைய நீர்வரத்துப் பதிவுகளை வைத்து வரப்போகும் ஆண்டுகள் எப்படியெல்லாம் அமையலாம் என்று நூற்றுக்கணக்கான வரிசைகளை ஓட்டிப் பார்த்து, தண்ணீர்க் கட்டுப்பாடு வேண்டுமா, பக்கத்து மூயி ஆற்றின் ஸ்பிரிங் குரோவ் அணையிலிருந்து எவ்வளவு பம்ப் செய்வது என்று முடிவு செய்கிறோம். கணக்கு முறை நல்லதுதான். நேற்றைய ஆறு நாளையும் அப்படியே ஓடும் என்று அது நம்புவதுதான் எனக்குக் கவலை.

2015, 2016 வறட்சியில் 28.9 கோடி கன மீட்டர் கொள்ளும் ஆல்பர்ட் ஃபால்ஸின் அடித்தரை பல இடங்களில் வெளியே தெரிந்தது. அகலமான, ஆழம் குறைந்த அணை அது. வெயில் கூடக் கூட ஆவியாகும் தண்ணீரும் கூடும். நகரத்துக்குத் தண்ணீரைக் குறைக்க வேண்டியதாயிற்று. அப்புறம் 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. 430க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நம்மவர்கள் நிறைய வாழும் டோங்காட்டில் சுத்திகரிப்பு நிலையமே சிதைந்து, மாதக்கணக்கில் லாரித் தண்ணீர்தான். புவி சூடானதால் இப்படிப்பட்ட மழைக்கான வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகியிருக்கிறது, மழையளவும் 4 முதல் 8 சதவீதம் கூடியிருக்கிறது என்று பின்னர் வந்த ஆய்வு சொன்னது.

டர்பனுக்கு அருகே வெருலம் ஊர்க் கோயிலில் ஒரு பாட்டி என்னிடம் கேட்டார்: "ஏன் தம்பி, தண்ணிய முன்னாடியே தொறந்து விட்டிருக்கக் கூடாதா?" நியாயமான கேள்வி. முன்னறிவிப்பு சில நாட்களுக்கு முன்தான் வரும். வால்வுகள் வழியே இனாண்டாவில் பெரிய இடம் காலி செய்ய வாரக்கணக்கில் ஆகும் என்றேன். காலி செய்தபின் மழை ஏமாற்றினால், அடுத்த வருடம் இதே பாட்டியின் வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும் என்பதையும் சொன்னேன். அன்று வீடுகள் சரிந்தது பெரும்பாலும் மலைச்சரிவுகளிலும் சிற்றாறுகளின் கரைகளிலும். அங்கே எந்த அணையும் கைகொடுத்திருக்காது.

அணைகளே இல்லாத 1917 அக்டோபரில் உம்கேனி பெருகியபோது, வலை இழுக்கும் தமிழ் மீனவர்கள் ஆறு பேர் படகில் போய் 176 பேரைக் காப்பாற்றினார்கள். மாரிமுத்து படவட்டனும் அவர் கூட்டாளிகளும். 'படவட்டன் சிக்ஸ்' என்று இன்றும் பேசுகிறார்கள். ஆற்றோரத் தாழ்நிலத்தில் ஏழைகள் குடியிருப்பது அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. எனக்கு இது ஆறவே இல்லை.

இதே ஆற்றில் 1950இல் கட்டிய நேகல் அணையைப் பார்க்கும்போது மனது கொஞ்சம் தெம்பாகும். ஆறு அங்கே வளைந்து போகிறது. அதைப் பயன்படுத்தி, சேறு கலந்த வெள்ளத்தை அணைக்குள் விடாமல் பக்கவாட்டில் திருப்பி, கீழே ஆற்றிலேயே சேர்த்துவிடுகிறார்கள். கனமழை கூடினால் வண்டலும் கூடும்; தூர் சேர்ந்த அணையில் வறட்சிக்கு வைக்க இடம் இருக்காது. ஹேசல்மியர் அணையில் தூர் சேர்ந்து கொள்ளளவு குறைந்ததையும், பிறகு சுவரை உயர்த்த வேண்டி வந்ததையும் பார்த்தவர்களுக்கு நேகலின் அருமை புரியும்.

மே மாதக் கூட்டங்களில் நான் விடாமல் கேட்பவை சில உண்டு. பழைய பதிவுகளைத் தூக்கி எறிய வேண்டாம். அவற்றோடு கூடுதல் ஆவியாதலையும், பதிவில் இல்லாத அளவு நீண்ட வறட்சியையும் வைத்து ஓட்டிப் பார்ப்போம். கட்டுப்பாட்டை அணை பாதியாகும் முன்பே, சிறிய அளவில் தொடங்குவோம். நகரத்துக்குப் போகும் தண்ணீரில் பாதிக்கு மேல் கசிவாகவும் வேறு வழிகளிலும் கணக்கில் வராமல் போகிறது. அதை மீட்பது புது அணைக்குச் சமம். இனாண்டா வழியப் போகிறது என்றால், கீழே இருப்பவர்களுக்கு அவர்களின் ஸூலு மொழியில், அவர்கள் போனிலேயே, இருட்டுவதற்கு முன் செய்தி போக வேண்டும். கடைசியாகச் சொன்னதற்குப் பணம் அதிகம் தேவையில்லை. இந்த வருடம் அதைத்தான் முதலில் பேச எடுத்திருக்கிறேன்.