டிசம்பர் 11: பிறந்த ஆண்டும் ஒன்றான இருவர்

நாளிதழ்களில் வரும் ‘வரலாற்றில் இன்று’ பகுதியை நான் விடாமல் படிப்பவன். ஆனாலும், அதில் பெரும்பாலும் நூற்றாண்டுக் கணக்கில் இடைவெளி கொண்ட, ஒன்றோடொன்று ஒட்டாத செய்திகளே இருக்கும். டிசம்பர் 11 எனக்குப் பிடித்த விதிவிலக்கு. 1882இல் அந்தத் தேதியில்தான் எட்டயபுரத்தில் சுப்பிரமணிய பாரதியும், அன்று ஜெர்மனியைச் சேர்ந்திருந்த பிரெஸ்லாவ் நகரில் இயற்பியலாளர் மாக்ஸ் பார்னும் பிறந்தார்கள்.

ஜாதகத்தில் நம்பிக்கையுள்ளவர்கள் இதைக் கேட்டால், இருவருக்கும் ஊரை விட்டு வெளியேறும் யோகம் இருந்திருக்கிறது என்பார்கள். ‘இந்தியா’ பத்திரிகையின் மீது ஆங்கில அரசு கைவைத்த 1908இல் பாரதி பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்று பத்தாண்டுகள் தங்கினார். குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் அந்தக் காலத்தில் பிறந்தவை. யூதக் குடும்பத்தில் பிறந்த பார்ன், நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பதவியை இழந்து இங்கிலாந்துக்குப் போனார்.

அவர் இந்தியாவுக்கும் வந்தார் என்பதுதான் சுவையான செய்தி. சி. வி. ராமனின் அழைப்பை ஏற்று 1935-36 குளிர்காலத்தில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றிய அவரை நிரந்தரமாக அங்கேயே வைத்துக்கொள்ள ராமன் முயன்றும், கழகத்துக்குள் எழுந்த எதிர்ப்பினால் அது நடக்கவில்லை. 1936இல் பார்ன் எடின்பரோவுக்குச் சென்றார். பாரதி இருந்திருந்தால் அப்போது அவருக்கும் 53 வயதுதான் ஆகியிருக்கும். ஆனால் 39 வயது நிறைவதற்குள், 1921 செப்டம்பரில், அவர் திருவல்லிக்கேணியில் காலமாகிவிட்டார்.

குவாண்டம் இயற்பியலில் அணுத்துகள்களின் நிலையை விவரிக்கும் கணிதக் கோவையான அலைச்சார்புக்கு நிகழ்தகவு அடிப்படையில் விளக்கம் தந்ததற்காகப் பார்னுக்கு 1954இல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசளிப்பு விழா எப்போதும் டிசம்பர் 10 என்பதால், மறுநாள் அவர் நோபல் உரை நிகழ்த்தியது சரியாக அவருடைய 72ஆம் பிறந்தநாளில். நோபலுக்கும் இந்தத் தேதிக்கும் ஏதோ ஒட்டுதல் உண்டு போலும்: காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த ராபர்ட் கோக் (1843), எகிப்திய எழுத்தாளர் நகிப் மஹ்ஃபூஸ் (1911), ரஷ்ய எழுத்தாளர் சோல்செனிட்சின் (1918) ஆகியோரும் டிசம்பர் 11இல் பிறந்தவர்களே.

நம் பக்கத்தில், 1969இல் மயிலாடுதுறையில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்துக்கும் இதுவே பிறந்தநாள். எம். எஸ். சுப்புலட்சுமி 2004இல் மறைந்ததும் இதே நாளில்தான் என்பதால், இசை ரசிகர்களுக்கு இது கொண்டாட்டத்துக்கு மட்டும் உரிய நாளாக இருப்பதில்லை.

1972இல் அப்போலோ 17 நிலவில் இறங்கியதையும் இந்தத் தேதியில் சேர்ப்பார்கள். மனிதர்கள் நிலவில் கடைசியாக இறங்கிய அந்தப் பயணத்தில், கலம் தரை தொட்டபோது கிரீன்விச்சில் இரவு எட்டு மணியாகச் சில நிமிடங்கள் இருந்தன. இந்தியாவில் அப்போது நள்ளிரவு கடந்து ஒன்றரை மணி நேரம் ஆகப்போகிறது. ஆகவே கறாராகப் பார்த்தால், நம் நாள்காட்டியில் அதை 12ஆம் தேதிப் பக்கத்தில்தான் எழுத வேண்டும்.