'பரவாயில்லை' என்றால் எத்தனை மார்க்? மெஸ் கான்ட்ராக்டர் தேர்வில் சொல் மதிப்பீடு

விடுதி மெஸ்ஸுக்குக் கான்ட்ராக்டர் தேர்வு. மதிப்பிட மூன்று பேர், கடைசிச் சுற்றில் அ, ஆ என இரண்டு கான்ட்ராக்டர்கள். பத்துக்கு எத்தனை என்று கேட்டால் ஆளாளுக்கு 7 போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் சுவை, சுத்தம், நேரம் மூன்றுக்கும் சொல்லாகவே வாங்கினோம்: 0 படுமோசம், 1 மோசம், 2 சுமார், 3 பரவாயில்லை, 4 நன்று, 5 மிக நன்று, 6 அருமை. உறுதியாகச் சொல்ல முடியாதவர் 'பரவாயில்லை முதல் நன்று வரை' என்று சொல்லலாம். அது [3, 4]: 3 கீழ்முனை, 4 மேல்முனை. சொற்களையே மதிப்பாக ஏற்கும் மாறிகளை லாட்ஃபி ஸாடே 1975இல் விளக்கினார். இப்படி இடைவெளியாக வரும் சொற்களைத் தொகுக்கும் முறையை ஸூ ஸெஷுய் 2004இல் எழுதினார்.

படிவம் கொடுக்கும் முன் சொற்களைப் பேசித் தீர்த்தாக வேண்டும். 'பரவாயில்லை' ஒருவர் வாயில் பாராட்டு, இன்னொருவர் வாயில் சலிப்பு. அதனால் ஒவ்வொரு படிக்கும் ஓர் அடையாளம் எழுதினோம். சுத்தத்தில் 3 என்றால் தரை கழுவியிருக்கிறது, ஆனால் காய்க்கும் கறிக்கும் ஒரே வெட்டுப்பலகை.

விலையை இதில் சேர்க்கவில்லை. அது ரூபாயிலேயே இருக்கிறது, சொல்லாக்கினால் துல்லியம்தான் போகும். 'விலை அதிகம்' போல எதிர்த்திசையில் போகும் சொல்லைச் சேர்த்தே தீர வேண்டுமென்றால் 6இலிருந்து கழிக்க வேண்டும். அப்போது முனைகள் இடம் மாறும்: [4, 5] என்பது [1, 2] ஆகும். இதை மறந்தால் கீழ்முனை மேல்முனையைவிடப் பெரிதாக நிற்கும்.

எடை: சுவை 0.4, சுத்தம் 0.4, நேரம் 0.2. கீழ்முனைகளைத் தனியாகவும் மேல்முனைகளைத் தனியாகவும் சராசரி எடுத்து எடையால் பெருக்கிக் கூட்டினோம். அ [3.67, 4.33], ஆ [3.20, 5.00]. 3.67ஐ முழுமையாக்கி 'நன்று' என்று எழுதக் கூடாது. அவின் 3.67, 4.33 இரண்டுமே 'நன்று' ஆகிவிடும். 'நன்று, 0.33 குறைவு' என்று மிச்சத்தோடு வைத்துக்கொள்வது ஹெர்ரேராவும் மார்ட்டினெஸும் 2000இல் தந்த வழி. விட்டுப்போன கட்டமும் வில்லங்கம்: மொத்தத்தை 3ஆல் வகுக்கும் சூத்திரம் அதைப் படுமோசமாகவே எண்ணும்.

நடுப்புள்ளியை மட்டும் பார்த்தால் ஆ 4.10, அ 4.00, ஆ ஜெயித்தாயிற்று. ஆனால் ஆவின் அகலம் 1.80, அவின் அகலம் 0.67. இடைவெளிகளை ஒப்பிட வேறு கணக்கு உண்டு. அவின் மேல்முனையிலிருந்து ஆவின் கீழ்முனையைக் கழித்தால் 1.13. இரண்டு அகலங்களின் கூட்டுத்தொகை 2.47. அதால் வகுத்து, வருவதை 1இலிருந்து கழித்தால் 0.54. ஆ மேல் என்பதற்கான சாத்திய அளவு இவ்வளவுதான். கிட்டத்தட்ட காசு சுண்டுவது போல.

அகலம் எங்கிருந்து வந்தது என்று கட்டம் கட்டமாகத் தேடினால், ஆவின் சுத்தத்தில் ஒருவர் போட்ட [1, 5] கண்ணில் படுகிறது. சமையலறையைப் பார்க்காமல் போட்டது. இதைத் தயக்கம் என்று சொல்ல முடியாது, தகவல் இல்லை, அவ்வளவுதான். தயங்குகிறவர் பக்கத்துப் படிகளைத்தான் சொல்வார். மூன்று படிக்கு மேல் விரிந்தால் திருப்பி அனுப்பு என்ற விதியை முதலிலேயே போட்டிருக்கலாம்.

மூவரும் சமையலறையைப் பார்த்துவிட்டு வந்ததும் ஆவின் சுத்தம் [2, 2], [2, 3], [2, 3]. மொத்தம் [3.20, 4.33]. இப்போது அ மேல் என்பதற்கான அளவு 0.63.

இன்னொரு ஓட்டையும் உண்டு. எடைச் சராசரியில் நல்ல பிரியாணி அழுக்குச் சமையலறையை மறைத்துவிடும். அதனால் சுத்தத்தின் கீழ்முனைச் சராசரி 2க்குக் கீழே போனால் மற்றவற்றைக் கூட்டாமலே நீக்கும் விதி தனியாக வேண்டும். ஆ சரியாக 2இல் நின்று தப்பித்தது.