முட்டுக்காடு: முதல் நாள் ராட்டினம், மறுநாள் தறி

ஆட்டோக்காரர் மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அதை முதலில் கொட்டிவிடுகிறேன். கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் வழியாக முட்டுக்காடு பத்து கிலோமீட்டர் சொச்சம். கேட்டது 700. வீட்டுக்காரர் பேசிப் பேசி 450க்கு இறக்கினார். இறங்கும்போது ஆட்டோக்காரர், "பெரியவங்க ரெண்டு பேரு, பசங்க ரெண்டு பேரு, மூட்டை வேற. 600 குடுங்க" என்கிறார். ஏறும்போது எங்கள் தலையை எண்ணத் தெரியாதா? மாமனார் "குடுத்துத் தொலமா, வெயில் ஏறுது" என்றதால் 550ல் முடிந்தது. அந்த நூறு ரூபாய் இரண்டு நாளும் என் வாயில் வந்துகொண்டே இருந்தது.

வேலூரிலிருந்து போகிறவர்கள் காட்பாடியில் ரயிலேறி சென்ட்ரல் போய்ச் சுற்றத் தேவையில்லை. காஞ்சிபுரம் வழியாக செங்கல்பட்டு, அங்கிருந்து திருப்போரூர், கேளம்பாக்கம் என்று பஸ் மாறி மாறிப் போய்விடலாம். மலிவு. ஆனால் முதுகு உங்களுடையது. எங்களுக்கு வாய்த்த பஸ்ஸில் சீட் பாதி ஆணியிலும் பாதி நம்பிக்கையிலும் நின்றது. தலைக்கு மேலே ஸ்பீக்கர். ராணிப்பேட்டை தாண்டுவதற்குள் அத்தை காதில் முந்தானையை அடைத்துக்கொண்டார்.

முதல் நாள் ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு தீம் பார்க். பெயர் வேண்டாம். எங்கும் இதே கதைதான். டிக்கெட் ஆளுக்கு ஆயிரத்தை ஒட்டி வருகிறது. ராட்டினம் ஏறாத மாமனார் மாமியாருக்கும் கிட்டத்தட்ட அதே காசு. விடிகாலையில் எழுந்து கட்டிய புளிச்சோறு வாசலிலேயே நின்றுவிட்டது, வெளிச் சாப்பாடு உள்ளே கூடாதாம். உள்ளே தண்ணீர் பாட்டிலில் தொடங்கி எல்லாமே இரட்டை விலை. அலைக் குளத்தில் இறங்க நைலான் உடுப்பு கட்டாயம். புடவையோடு இறங்கலாம் என்று வந்த அத்தைக்கு வாடகைக்கு ஒரு டீ சர்ட்டும் முக்கால் பேன்ட்டும் எடுத்தோம். முதலில் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றவரை அப்புறம் சாயங்காலம் விசில் ஊதித்தான் தண்ணீரைவிட்டு வெளியே வரவைத்தார்கள். பசங்களுக்கு ரோலர் கோஸ்டர் பிடித்தது. அரை மணிக்கு மேல் வரிசை, ஏறினால் இரண்டு நிமிஷம். அவ்வளவுதான் அதைப் பற்றி.

ராத்திரி கோவளத்தில் சாப்பிட்டோமே, அதைச் சொல்லவேண்டும். ஓலைக் கொட்டகை, நாலு மேசை. அன்றைக்கு வந்த மீனைத் தட்டில் வைத்துக் காட்டி, கை நீட்டியதை வறுத்துத் தருகிறார்கள். நெத்திலி மொறுமொறுவென்று, வஞ்சிரம் துண்டு உள்ளங்கை அகலத்துக்கு, மீன் குழம்பில் மாங்காய் போட்டிருந்தார்கள். ஆம்பூர் பிரியாணியைத் தவிர எதையும் புகழாத என் வீட்டுக்காரர் மூன்றாவது முறை சோறு வாங்கினார். ஆறு பேர் சாப்பிட்டும், பார்க்கில் ஒரு வேளைக்குக் கொடுத்ததைவிடக் குறைச்சல்.

மறுநாள் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா, பழைய வீடுகளின் அருங்காட்சியகம். "பழைய வீட்டப் பாக்க காசு கட்டணுமா? ஆரணிக்கு வா, நான் சும்மாவே காட்டுறேன்" என்று மாமா முனகிக்கொண்டேதான் வந்தார். தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா என்று ஊர் ஊராக இடிக்கக் கிடந்த வீடுகளைப் பிரித்து, கல்லும் மரமும் எடுத்துவந்து, பத்து ஏக்கரில் மறுபடி கட்டியிருக்கிறார்கள். மொத்தம் 18 வீடுகள். மக்களுக்குத் திறந்தது 1996ல். தொடக்க வடிவமைப்பு கட்டிடக் கலைஞர் லாரி பேக்கருடையது. செட்டிநாட்டு வீட்டுத் தூண்களைப் பசங்க கட்டிப்பிடித்துப் பார்த்தார்கள், கை எட்டவில்லை. ஆந்திரக் கடலோரத்து வட்ட வீடு ஒன்று இருக்கிறது. புயல் காற்று மோத மூலை இல்லாதபடி வட்டமாகக் கட்டுவார்களாம். சின்னவன் அதைச் சுற்றி ஓடியே பாதி நேரத்தைத் தீர்த்தான். குயவர் சக்கரத்தில் அவன் செய்த சட்டி எந்தப் பக்கம் வாய் என்றே தெரியவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டது.

காஞ்சிபுரம் நெசவாளர் வீட்டில்தான் நாங்கள் நகரவே இல்லை. மாமா ஆரணியில் பட்டு நெய்தவர். விசைத்தறி வந்தபின் தறியைப் பிரித்துவிட்டார். தறிப் பள்ளத்தை மூடி டைல்ஸ் போட்டு, இப்போது அதன் மேல் டி.வி. ஸ்டாண்ட் நிற்கிறது. இங்கே குழித்தறியைப் பார்த்ததும் முனகல் நின்றுபோனது. குனிந்து தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலை விரலால் தடவினார். தறியில் இருந்தவர், "அய்யாவுக்கு எந்த ஊரு?" என்றார்.

"ஆரணி. வட ஆற்காடு."

மாவட்டத்தை 1989ல் பிரித்ததையும் ஆரணி திருவண்ணாமலைப் பக்கம் போனதையும் மாமா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

"அப்ப நீங்களே உக்காருங்க" என்று அவர் எழுந்து இடம் கொடுத்தார். மாமா காலைக் குழிக்குள் விட்டார், மிதித்தார், குறுக்கு நூலை ஓட்டும் நாடா பறந்தது. முட்டி வலி என்று தினமும் தைலம் கேட்கிறவர்! பெரியவள் வாயைப் பிளந்து, "தாத்தா, இது உனக்கு எப்டித் தெரியும்?" என்றாள். தாத்தா என்ன வேலை பார்த்தார் என்று நாங்கள் யாரும் அவளுக்குச் சொன்னதே இல்லை. கோர்வை என்றால் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், மூன்று நாடா ஓடும், அந்தப் பக்கம் ஒரு ஆள் உட்கார்ந்து தள்ளவேண்டும் என்று விளக்க ஆரம்பித்தார். சுற்றி நின்ற ஒரு வடநாட்டுக் குடும்பம் அவரை அங்கே வேலை செய்கிறவர் என்றே நினைத்துப் படம் எடுத்தது. அத்தை விடுவாரா? "நாடாவுக்கு நான் தார்க்குச்சியில நூல் சுத்திக் குடுக்கலன்னா இவரு எங்க நெய்யுறது?" என்று அவர்களிடம் தமிழிலேயே சொன்னார்.

போகிறவர்கள் கவனிக்க: செவ்வாய்க்கிழமை தட்சிணசித்ராவுக்கு விடுமுறை. மத்தியான வெயிலில் போகாதீர்கள். கைத்தொழில் கடைப் பக்கம் பர்ஸை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு நுழையுங்கள். திரும்பும்போது ஆற்காட்டில் மக்கன் பேடா வாங்கலாம், நாங்கள் வாங்கியது பஸ்ஸிலேயே காலி.

செலவில் பாதிக்கு மேல் பார்க் டிக்கெட்டே தின்றுவிட்டது. அடுத்த லீவுக்கும் ரோலர் கோஸ்டர்தான் வேண்டும் என்று பசங்க இப்போதே ஆரம்பித்தாயிற்று. போகட்டும், அப்பாவோடு மூன்றே டிக்கெட். நானும் மாமாவும் அத்தையும் நேராகத் தறி வீட்டுக்கு.