மண்ணுக்குள் இருந்த பிலிம் ரோல்களைக் கறுப்பு வெள்ளையில் கழுவியது

போருக்குப் பிறகு வன்னியில் அல்பத்தோடு மிஞ்சிய வீடுகள் குறைவு. ஆனால் கழுவாத பிலிம் ரோல்கள் இன்னும் அங்கங்கே வெளியே வருகின்றன. இந்தக் குறிப்பு விசுவமடுவில் ஒரு அக்காவின் வளவில் வேலிக்குக் கிடங்கு கிண்டும்போது அகப்பட்ட பால்மா ரின்னுக்குள் இருந்த ரோல்களைப் பற்றியது. 2009 தையில் ஊரை விட்டு வெளிக்கிடும்போது புதைத்தது. ரின் கறள் பிடித்துக் கையோடு உதிர்ந்தது. உள்ளே சொப்பிங் பை, அதற்குள் மூடி இறுகிய பிளாஸ்ரிக் டப்பிகள். அந்த டப்பிகள்தான் பிலிமைக் காப்பாற்றியிருக்கின்றன.

படங்கள் அதற்கும் பத்து வருசம் முந்தியவை. "பாதை திறந்தாப்பிறகு கழுவுவம் எண்டு வைச்சது தம்பி, பிறகு அப்பிடியே கிடந்திட்டுது" என்றா அக்கா.

எல்லாம் கலர் பிலிம். கலராகவே கழுவலாமே என்றுதான் கேட்பவர்கள் எல்லாரும் நினைக்கிறார்கள். முன்பு வவுனியாவில் ஸ்ரூடியோ வைத்திருந்த ஐயா ஒருவர் இதற்குச் சொன்ன பதில் எனக்குப் போதும்: "கலரை மற. வெள்ளி இருந்தா முகம் வரும்." கலர் பிலிம் கழுவும் வழமையான சி-41 முறையில் படம் முதலில் வெள்ளியாகவும் சாயமாகவும் சேர்ந்தே உருவாகும். பிறகு பிளீச் வெள்ளியைத் திரும்ப உப்பாக்கும், அந்த உப்பைக் கரைக்கும் ஹைப்போ அதை முழுக்க எடுத்துவிடும், சாயம் மட்டும் மிஞ்சும். பழைய பிலிமில் அந்தச் சாயத்தை உண்டாக்கும் பொருட்களே பழுதாகியிருக்கும். வெள்ளியையும் எடுத்துவிட்டால் பிறகு என்ன மிச்சம்? கறுப்பு வெள்ளை டெவலப்பரில் (படத்தை வெளிக்கொண்டுவரும் திரவம்) கழுவினால் கலர் போகும், ஆனால் பிளீச் இல்லாததால் வந்த வெள்ளி அப்படியே நிற்கும். அடுத்தவரின் ஒரே ஒரு ரோலில் கலருக்கு ஆசைப்படுவது சரியில்லை என்பது என் முடிவு.

பிலிமுக்கு வெக்கைதான் எமன். 1897இல் பலூனில் வடதுருவம் போகப் புறப்பட்டு இறந்த சுவீடன்காரர் அந்திரேயின் குழுவினர் எடுத்த பிலிம்கள் 1930இல் பனிக்குள்ளிருந்து கிடைத்தன. ஸ்ரொக்கோமில் ஜோன் ஹேர்ட்ஸ்பேர்க் என்பவர் கழுவி 93 படங்களை மீட்டார். முப்பத்துமூன்று வருசம் என்றாலும் அது பனிக்குள் கிடந்தது. எங்களுடையது பங்குனி, சித்திரை வெயிலில் கொதிக்கிற மண்ணுக்குள் கிடந்தது. வெக்கையில் கமரா பதித்த பிம்பம் மெல்ல மெல்லக் கரையும், வெளிச்சமே படாத இடத்திலும் பனிப்புகார் மூடினமாதிரிக் கருமை ஏறும். வேகம் கூடிய, அதாவது குறைந்த வெளிச்சத்திலும் படம் பிடிக்கிற பிலிமில் இது இன்னும் மோசம். இந்த ரின்னிலும் அப்படியே. 400 வேக ரோலில் நுனி தொடக்கம் அடி வரைக்கும் சாம்பல் நிறம்தான். 100 வேக ரோல்கள்தான் படம் தந்தன.

டெவலப்பருக்கு எச்.சி-110 பாவித்தேன். பழைய பிலிமில் புகாரை அதிகம் கிளப்பாது என்று பெயரெடுத்தது அது. ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சான் ஒரு போத்தல் கொண்டுவந்து தந்தான். ஒரு பங்குக்கு 31 பங்கு தண்ணீர், 20 பாகையில் ஏழு நிமிடம். 20 பாகை என்று எழுதுவது சுகம், எங்கள் குழாய்த் தண்ணீர் முப்பதுக்குக் கிட்ட நிற்கும். அதனால் டெவலப்பர், ஹைப்போ, கழுவும் தண்ணீர் எல்லாவற்றையும் ஐஸ் போட்ட ஒரே பேசினுக்குள் வைத்து ஒரே சூட்டுக்குக் கொண்டுவரவேண்டும். பழைய ஜெலற்றின் பூச்சு இளகியிருக்கும். குளிர்ந்ததிலிருந்து திடீரென்று சூட்டுக்குப் போனால் சுருங்கி வெடித்துவிடும்.

முழு ரோலையும் ஒரேயடியாகத் தாங்கிக்குள் போடுவதில்லை. இருட்டில் சுருளைத் திறந்து, நுனிக்கு அடுத்த துண்டை முதலில் வெட்டிக் கழுவுவேன். பிலிம் போட்டவுடன் வீணாக அமத்தும் இரண்டு மூன்று வெற்றுப் படமும் அந்த இடத்தில்தான் விழும், ஆகையால் படம் வெட்டுப்படும் பயம் குறைவு. வெளிச்சம் பட்ட நுனி கன்னங்கரேலென்று வந்தால் டெவலப்பர் வேலை செய்கிறது. வெளிச்சம் படாத பக்கம் எவ்வளவு கருமை ஏறியிருக்கிறது என்று பார்த்து மிச்சத்துக்கு நேரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ஹைப்போவில் அந்தத் துண்டு பால்போலிருந்து தெளிவதற்கு எவ்வளவு நேரம் எடுக்கிறதோ, ரோலுக்கு அதன் இரண்டு மடங்கு.

எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட. காய்ந்தால் நெகற்றிவில் வெள்ளைப் புள்ளி விழும். கடைசி அலசலுக்குப் பெற்றோல் செட்டில் விற்கும், சுண்ணாம்பு நீக்கிய பற்றரித் தண்ணீர் வாங்குகிறேன். காயவிடும்போது காற்றாடி போடுவதில்லை, செம்புழுதி ஈரப் பூச்சில் ஒட்டினால் பிறகு எடுக்கேலாது.

கலர் பிலிமின் செம்மஞ்சள் அடி அப்படியே இருக்கும். அதனால் நெகற்றிவைக் கையில் பிடித்துப் பார்த்தால் ஒன்றும் இல்லைப்போலத் தெரியும். லைற் பலகையில் வைத்து டிஜிற்றல் கமராவால் றோ வடிவில் (கமரா திருத்தாத மூலக் கோப்பாக) எடுத்து, சிவப்பு நிறத் தகவலை மட்டும் வைத்துக்கொண்டால் செம்மஞ்சள் விலகி வெள்ளி தெரியத் தொடங்கும்.

அப்படி வந்த ஒரு படத்தைச் சொல்லவேண்டும். கிடுகு வேலி. அதற்கு முன்னால் தலைகீழாக நிறுத்திய சைக்கிள். ஒரு பொடியன் குந்தியிருந்து கையால் பெடலைச் சுற்றுகிறான். டைனமோவிலிருந்து வயர் இறங்கி நிலத்தில் இருக்கும் றேடியோவுக்குப் போகிறது. கரண்டும் இல்லாமல், பற்றரிக்கும் தடையிருந்த காலத்தில் இப்படித்தான் செய்தி கேட்டோம். முகத்தில் பாதியைப் புகார் தின்றுவிட்டது. அக்கா முகத்தைப் பார்க்கவேயில்லை, கையைப் பார்த்தா. "உது சின்னவன். இடக்கையாலதான் சுத்துவான்." அந்தச் சின்னவனின் வேறு படம் ஒன்றும் அவவிடம் இல்லை.

அதனாலேயே, ஆருடைய ரோலோ அவர்கள் பார்த்துச் சம்மதம் சொல்லும்வரைக்கும் ஒரு படத்தையும் வெளியே போடுவதில்லை. ஆர் ஆரோடு நிற்கிறார்கள் என்பது எங்கள் ஊரில் இன்றைக்கும் சின்ன விசயமில்லை.

கழுவினால் மட்டும் போதாது. மாரியில் இந்த ஈரப்பதனுக்குப் பூஞ்சணம் ஜெலற்றினைத் தின்னும். பிவிசி உறை கூடாது, அமிலமில்லாத கடதாசி உறை நல்லது. காற்றுப் புகாத ரின்னில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்து, அது நிறம் மாறினால் வறுத்துத் திரும்பவும் போடலாம். டிஜிற்றல் பிரதி ஒன்று அக்காவிடம், ஒன்று என்னிடம், ஒன்று வெளிநாட்டிலிருக்கும் அவவின் மகளிடம். வீடு ஒன்று போனால் எல்லாம் போகும் என்று பட்டறிந்த சனம் நாங்கள்.

இன்னும் ஒரு ரோல் மிச்சம். டப்பியின் மூடி வெடித்து ஈரம் போனதால் சுற்றுக்குச் சுற்று ஒட்டிப் போயிருக்கிறது. இழுத்தால் பூச்சு உரியும். இருட்டில் குளிர்ந்த பற்றரித் தண்ணீரில் ஊறவைத்து, ஜெலற்றின் ஊதி விடும்வரை பொறுத்துப் பிரிக்கவேண்டும். முதலில் ஒன்றும் எடுக்காத காலாவதியான ரோலை நனைத்து ஒட்டவைத்துப் பழகிக்கொள்ளப் போகிறேன். அக்காவின் ரோலை மார்கழியில் தொடுவேன், அப்போது தண்ணீருக்கு இவ்வளவு ஐஸ் தேவைப்படாது.